ஏழு மணிக்கு அணையும் பெட்டி

சுந்தரதாஸிடம் ரிப்பேருக்குக் கொடுத்த டிஷ் பெட்டி கொடுத்தபடியே திரும்பி வந்ததாகக் கொல்லயில் ஊரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. பழுது நீங்கியிருக்கும். கூடவே பெட்டியின் குணமும் மாறியிருக்கும்.

பகலில் அவர் பாலராமபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர். ஊர் டிஷ் பெட்டிகளைக் கைவிட்டுக் கேபிளுக்குப் போன காலத்தில், அவர் அந்தப் பழைய பெட்டிகளைச் சாக்குச் சாக்காக வாங்கி மாடியறையில் அடுக்கினார். உப்பிய கெப்பாசிட்டரை மாற்றினாலே பாதிப் பெட்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடும்; கூரைகளில் பழைய டிஷ் அப்படியே கிடந்ததால் இலவசச் சேனல்களும் வரும். சாதாரண மனிதன் அத்தோடு நிறுத்துவான். சுந்தரதாஸ் அதற்குப் பிறகுதான் தொடங்குவார். கம்பெனிக்காரன் உள்ளே எழுதிவைத்த ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியின் புத்தியை, கம்ப்யூட்டரோடு வயர் கொடுத்து அழித்துவிட்டுத் தன் புத்தியை ஏற்றுவார். உலகத்தில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் மடையர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மனைவி ஜெயபாய்க்கு வேறு சந்தேகங்கள் இருந்தன. சபையின் பெண்கள் சங்கத் தலைவி அவர். ஒரு அறை நிறையக் குப்பை எதற்கு என்று கேட்டு, பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரனை வாசல்வரை வரவழைத்துவிட்டார். அறையைக் காப்பாற்ற அன்று சுந்தரதாஸ் கண்டுபிடித்ததுதான் ஜெபப் பெட்டி. சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி தானாக இருளும். 'ஜெப நேரம்' என்று எழுத்து வரும். ஏழரைக்குத்தான் படம் திரும்பும். ஜெயபாய் ஆக்ரிக்காரனைத் திருப்பி அனுப்பினார். சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பெட்டி கேட்டார்கள். இந்து வீடுகளிலிருந்தும் ஆள் வந்தது. அவர்களுக்கு 'விளக்கு வைக்கும் நேரம்' என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடம் போதகரும் பூசாரியும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு சால்டரிங் கம்பி செய்தது.

செய்ததை அதே கம்பி கெடுக்கவும் செய்தது. பூட்டு வாங்கிய வீடுகளிலிருந்தே, பின்வாசல் வழியாக, சாவி கேட்டும் ஆள் வந்தது. ரிமோட்டில் மியூட் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போதும், ஜெபம் முடிந்துவிடும். இதைச் சுந்தரதாஸ் காசு வாங்காமல் காதோடு சொல்லிக் கொடுத்தார். பக்தியை விற்றார், பாவத்தை இலவசமாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெயபாய்க்குத் தெரிந்தால் அறை போய்விடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஜெபத்தை ஒரு மணி நேரமாக்க வேண்டும் என்று ஜெயபாய் உத்தரவிட்டார். சுந்தரதாஸ் புது ஃபர்ம்வேர் எழுதினார். பூட்டு விழுகிறதா என்று பார்க்க ஏழு மணிவரை காத்திருக்க முடியுமா? கரண்ட் கொடுத்ததும் பெட்டியின் கடிகாரம் ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்பிலிருந்து ஓடும்படி வைத்துச் சோதித்தார். சோதனை ஜெயம். அந்த ஏற்பாட்டை எடுத்துவிட மறந்தார். கடை விட்டு வந்த கையோடு பென்டிரைவுடன் வீடு வீடாகப் போனார். அப்போது நிஜமாகவே ஏழு மணியை ஒட்டிய நேரமாக இருந்ததால் எல்லாப் பெட்டிகளும் ஒழுங்காக இருண்டன. பாராட்டும் பால் விடாத கட்டஞ்சாயாவும் கிடைத்தன.

மறுநாள் காலை பஞ்சாயத்துத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. வழக்கம்போலக் கரண்ட் போனது; வழக்கத்துக்கு மாறாக உடனே வந்தது. ஐந்து நிமிடத்தில், பெட்டிக் கணக்குப்படி சாயங்காலம் ஏழானதும், கட்சிகள் முன்னேயும் பின்னேயும் ஓடிக்கொண்டிருந்தபோது, ஊர் டிவிகள் எல்லாம் பக்தியில் ஆழ்ந்தன.

பக்கத்துத் தெரு செல்லசாமி ஒரு வேட்பாளருக்காகச் செருப்புத் தேய அலைந்தவர். யோசிக்காமல் மியூட்டை அழுத்திப் பிடித்தார். படம் வந்தது. பின்னால் அவர் மனைவி குமாரி புட்டுத் தட்டோடு நின்றிருந்தாள்.

"இது எந்தாக்கும் வித்தை?"

"ஒண்ணுமில்ல. சும்மா அமுக்கினேன்."

"சும்மா அமுக்கினா பகவான் வழி விட்டுருவாரோ?"

குமாரி ஜெயபாய்க்குப் போன் போட்டாள். அதற்கு முன்பே வேறு நாலு பேர் போட்டிருந்தார்கள். ஜெயபாய் மாடியேறி வந்தபோது சுந்தரதாஸ் கையில் பெட்டி ஒன்று மல்லாந்து கிடந்தது.

"இஞ்ச பாருங்க, ஊரு முழுக்க ஆம்பிளையெல்லாம் ஒரு பட்டனை அமுக்கி ஜெபத்தைத் தீத்திருக்காவ. இது யாருக்க சோலி?"

"அது சர்வீஸ் மோடாக்கும். எல்லா மெஷினிலயும் உண்டு."

"செல்லசாமி அண்ணன் எப்ப மெக்கானிக் ஆனாரு? ஆக்ரிக்காரனை விளிக்கட்டா? யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்திய, சொல்லுங்க."

சுந்தரதாஸ் ஆண்களின் பெயர்களைச் சொன்னார். பிறகு பெட்டியின் திருகு ஒன்றை முறுக்கிக்கொண்டே, "ஆனந்தபாய்க்கும்" என்றார்.

"சங்கத்துக்க செக்ரட்டரிக்கா?"

"அவியதான் முதல்ல வந்தாவ. ஏழு மணி சீரியல்ல யாரோ மருமவளுக்கு விஷம் வச்சிட்டாவளாம், அவ பிழைச்சாளா செத்தாளான்னு தெரியணும்னு ஒரே அழுகை. பின்னே சுகிர்தபாய்."

"பெட்டி வந்த பெறவு வீட்டில சமாதானம்னு அவ போன ஞாயிறுதானே சபையில சாட்சி சொன்னா!"

"சமாதானம் உண்டுதானே. சீரியல் பாக்கிறாளல்லா."

ஜெயபாய் அடுக்கியிருந்த பெட்டிகள்மேல் உட்கார்ந்தார். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். எதிர்த்து நிற்கப்போவது ஆனந்தபாய். கணக்கில் ஜெயபாய் கணவரைவிடக் கெட்டி.

"ஆக்ரிக்காரன் இப்ப வேண்டாம்" என்றார் கடைசியில். "அந்தப் பட்டனை மாத்துங்க. புதுசு எதுன்னு எனக்கிட்ட சொல்லணும். வேற ஒரு குஞ்சுக்கும் மூச்சு விடப்பிடாது."

சுந்தரதாஸ் மறுபடியும் பென்டிரைவோடு வீடு வீடாகப் போனார். இந்த முறை சாயா கிடைக்கவில்லை. ஆனந்தபாய்க்குத் திடீரென மூட்டுவலி வந்து தேர்தலில் நிற்கவில்லை; ஜெயபாய் போட்டியின்றி வந்தார். ஆனாலும் சீரியலில் அந்த மருமகள் என்ன ஆனாள் என்பது ஆனந்தபாய்க்கு அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. செல்லசாமி போன்றவர்கள் இப்போது சாவி கேட்டு மாடிக்கு வருவதில்லை, ஜெயபாயின் அடுக்களைப் பக்கம்தான் தயங்கித் தயங்கி நிற்கிறார்கள்.

பெட்டிகள் மாடியறையில் கொள்ளாமல் சாப்பாட்டு மேசைவரை இறங்கி வந்துவிட்டன. ஜெயபாய் அவற்றை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சோறு பரிமாறுகிறார்.