சீர் முடியட்டுங்க டாக்டர்

என் மகளுக்குப் பதினொரு வயதானபோது, கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று காந்திபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சொத்தையை அடைத்து முடித்தவர், அவளைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மேல்வரிசை முன்பற்கள் தூக்கியிருப்பது எனக்கும் தெரியும். அவர் சொன்னது வேறு.

"பல்லு மட்டும் இல்லீங்கம்மா, கீழ்த்தாடை பின்தங்கியிருக்குது. வளர்ற வயசுல வாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டுனா முன்னால கொண்டாந்தரலாம். அப்பறம் பல்லை வரிசைப்படுத்தக் கம்பி. ஆனா தட்டு இப்பவே போடோணுங்க. வயசுக்கு வந்துட்டா வளர்ச்சி சீக்கிரம் நின்னு போயிரும்."

தட்டு எந்த நிறத்தில் வேண்டும் என்று அவளிடமே கேட்டார். ரோஸ் என்று உடனே சொன்னாள்.

எனக்கு அப்போது மனம் முழுக்க வேறு கவலை. எங்கள் வீட்டுப் பெண்கள் பதினொன்று, பன்னிரண்டிலேயே வயதுக்கு வந்துவிடுவார்கள். இன்றோ நாளையோ திரட்டி சீர் வைக்க வேண்டியிருக்கும். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவருவார். அன்னூரிலிருந்து அவிநாசி வரை உள்ள சொந்தமெல்லாம் மண்டபத்தில் கூடும். அந்த நேரம் பார்த்துப் பெண் வாயில் எதையோ மாட்டிக்கொண்டு குழறிப் பேசினால், 'புள்ளைக்கு வாயில ஏதோ கொறையாமா' என்று பந்தி முடிவதற்குள் பரவிவிடும்.

"சீர் முடியட்டுங்க டாக்டர். அப்பறம் போட்டுக்கலாங்க."

"கழட்டி மாட்டறதுதானுங்கம்மா. சீரன்னிக்கிக் கழட்டி வெச்சுக்கலாம்," என்று அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நாத்தனார்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? மகளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சீர் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தட்டு போட்டிருந்தால் அதற்குள் வேலையே முடிந்திருக்கும். மண்டபத்தில் போட்டோ எடுக்கும்போது, "ஒதட்டை மூடிட்டுச் சிரி கண்ணு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மகள் வாயை மூடவைக்க நான் ஒருத்தியே போதுமாக இருந்தேன்.

அதன்பிறகு பத்தாவது பரீட்சை, பன்னிரண்டாவது, காலேஜ். பல்லுக்குக் கிளிப் என்பது கல்யாணம் பேசும்போது, பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளும் காரியம் என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பு. அவள் கையால் வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். அடக்கமான புள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

போன மாதம் அவளே ஒரு பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். சரவணம்பட்டியில் வேலைக்குப் போகிறாள். இருபத்து நான்கு வயது. நானும் கூடப் போனேன். அந்தப் பெண் டாக்டர் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் காட்டிப் பொறுமையாக விளக்கினார். எந்த வயதிலும் பல்லை நகர்த்தலாம். உலோகக் கம்பி உண்டு, பல் நிறத்திலேயே கம்பி உண்டு, சிலருக்குக் கண்ணுக்கே தெரியாத உறை உண்டு. இவளுக்கு மேலே நல்ல பல் இரண்டைப் பிடுங்கி, முன்பற்களை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு வருடமாவது ஆகும்.

"தாடை முன்னால வருங்களா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"அதுக்கு ஆபரேஷன்தான் பண்ணோணும். தாடை எலும்பை வெட்டி நகர்த்தி வெக்கறது. சின்ன வயசுல வந்திருந்தா அநேகமா இந்தப் பேச்சே வந்திருக்காது. அப்ப யாருமே சொல்லலீங்களா?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு டாக்டர் சொன்னாருங்க. எனக்குத்தான் பயம். அம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. நான்தான் அழுது வேண்டாம்னுட்டேன்."

அவள் அன்று அழவே இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கொழந்தைங்க அப்படித்தானுங்கம்மா பயப்படும். பெரியவங்கதான் கொஞ்சம் புடிவாதமா இருந்திருக்கோணும்."

"ஆமாங்க," என்று தலையை ஆட்டினேன்.