ஏழாவது வில்லை

சகாய பிரியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். அதற்கு முன் ஒன்பது வருடம் விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பட்டப்பெயரில் மட்டும்தான் இருந்தது. அங்கேயே பகுதிநேரமாகப் பிஎச்டிக்குப் பதிந்திருந்தாள். வழிகாட்டி, பேராசிரியர் தென்னரசு.

அவள் ஆராய்ந்தது ஃபெர்ரோ எலக்ட்ரிக் என்னும் வகைப் பொருள். அதன் ஒவ்வொரு துளிப் பகுதிக்கும் ஒரு மின் திசை உண்டு. எதிர்ப்புறமாக மின்னழுத்தம் கொடுத்தால் திசை திரும்பும். அழுத்தத்தை எடுத்த பிறகும் திரும்பியபடியே நிற்கும். சுத்தமான படிகம் என்றால் எல்லாப் பகுதிகளும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் திரும்பிவிடும் என்று பாடப் புத்தகம் சொன்னது. பிரியா எடுத்துக்கொண்டது சுத்தமானது அல்ல. பேரியம் டைட்டனேட்டில் சிர்கோனியத்தைக் கலந்து, மாத்திரை போல வில்லைகளாக அழுத்தி, உலையில் ஆயிரத்து முந்நூறு டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பாள். இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை தடவி, எண்ணெயில் அமிழ்த்தி, திசை திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பாள்.

முதல் வில்லையிலேயே கணக்கு உதைத்தது. சில பகுதிகள் கண் இமைப்பதற்குள் திரும்பின. சில ஒரு நொடி எடுத்துக்கொண்டன. நூறு நொடி கழித்தும் திரும்பாமல் கிடந்தவையும் இருந்தன. ஒரே வில்லைக்குள் இத்தனை விதமான நேரம்.

"இது கசிவும்மா. கரண்டு லீக் ஆவுது. சாம்பிள் சரியில்ல, வேற பண்ணு" என்றார் தென்னரசு.

"கசிவு இல்லீங்க சார். அதே திசையில ரெண்டாவது தடவ வோல்டேஜ் குடுத்துப் பாத்தேன். கசிவா இருந்தா ரெண்டாவது தடவயும் அதே அளவு வரணும். வரலைங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் வேறு செய்தாள். அதற்குப் பிறகும் வேறு செய்தாள். மூன்று வருடத்தில் பதினோரு வில்லைகள். எல்லாமே அதையேதான் சொல்லின: கலவை ஒழுங்கில்லாமல் பரவியிருப்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளே அதனதன் தடை, அதனால் அதனதன் நேரம். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மேசையிலேயே கிடந்தது. பதிவுக்காலம் முடியப்போகிறது, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று நான்கு முறை போய் நின்றாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார். பதிவு காலாவதி ஆனது. ஆய்வக நோட்டுகள் துறையின் சொத்து, வைத்துவிட்டுப் போ என்றும் சொன்னார். வைத்துவிட்டாள். அதற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அவள் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த அதே கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். ராஜ்குமார் என்கிற முழுநேர மாணவனின் வாய்மொழித் தேர்வு, வழிகாட்டி தென்னரசு, யார் வேண்டுமானாலும் வரலாம். பிரியா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான்காவது படம் திரையில் விழுந்தது. அவளுடைய வரைபடக் கோடுகள். பதினோரு வில்லைகள், அதே வரிசையில்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் எழுந்தாள். "ஆறாவதும் ஏழாவதும் ஒரே கலவை. ஏழாவது மட்டும் ஏன் இவ்ளோ மெதுவாத் திரும்புது?"

ராஜ்குமார் திரையைப் பார்த்தான், தென்னரசைப் பார்த்தான். "அளக்கும்போது வர்ற சின்ன வித்தியாசம்தாம்மா அது. உட்காரு" என்றார் தென்னரசு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கைதட்டினார்கள். சமோசாவும் காபியும் வந்தன.

பிரியா பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். ஆதாரம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கல்லூரியின் அடுத்த பருவத்துக் கால அட்டவணையில் அவள் பெயர் இல்லை.

பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தபோது ராஜ்குமார் போன் செய்தான்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பினோம். ஏழாவது சாம்பிள் ஏன் அப்டி இருக்குதுன்னு ரிவியூவர் கேக்கறாரு. சார் அத எடுத்துடுன்றாரு. எடுக்க முடியாதுன்னா, மிஷின்ல ஃபால்ட்டுன்னு எழுதச் சொல்றாரு."

போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"மிஷின்ல ஒண்ணுமில்ல. சுட்டுக்கினு இருக்கும்போது கரண்டு போயிடுச்சு. உலை பாதியில ஆறி, மறுபடி போட்டேன். சிர்கோனியம் சரியாப் பரவல. அங்கங்க திட்டுத் திட்டா நின்னுடுச்சு. ஒழுங்கு கொறஞ்சா நேரம் எவ்ளோ இழுக்கும்னு அதுதான் காட்டுது. அத எடுத்துட்டா அந்தப் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல. நோட்டுல எழுதி வச்சிருக்கேனே, படிக்கலியா நீ?"

"தேங்க்ஸ்க்கா" என்று வைத்துவிட்டான்.

கணவன் வளன் கேட்டுக்கொண்டே இருந்தான். "உன்ன ஏமாத்தனவனுக்கு எதுக்குச் சொன்ன?"

"மிஷின் மேல பழி போட்டு அச்சுல போட்டுடுவாங்களேன்னுதாங்க."

"போட்டா உனக்கென்ன?"

எழுந்து போய் உலைநீர் வைத்தாள்.

கட்டுரை வெளிவந்தது. பள்ளிக் கணினியில் திறந்து கடைசி வரை படித்தாள். ஏழாவது வில்லைக்குத் தனியாக ஒரு பத்தி. அவள் போனில் சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. விளக்கம் சரி, கோடுகள் சரி. அவள் பெயர் எங்குமில்லை. நன்றி சொன்ன இடத்தில்கூட இல்லை. சரியாக வந்திருக்கிறதே என்று ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.