செல்வியக்காவின் நீலம்

போன வாரம் கோப்பெங்கிலிருந்து செல்வியக்கா கூப்பிட்டார். "தம்பி, நம்ம தோட்டத்து வெப்சைட்ல என் பக்கம் வெள்ளையா கெடக்கு. என் போனு கெட்டுப் போச்சா?"

போன் கெடவில்லை. நானும் திறந்து பார்த்தேன். அறுபது குடும்பங்களின் பக்கங்களும் ஒரே அச்சு: வெள்ளைத் தரை, சாம்பல் எழுத்து, வட்டத்துக்குள் வெட்டிய தலைகள்.

சுங்காய் பக்கத்தில் எங்கள் தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்த பிறகு, சிதறிப்போனவர்களுக்காக நான் செய்த தளம் அது. அப்போது ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. என் கைவண்ணத்தைப் பற்றிப் பெருமையடிக்க மாட்டேன். மினுக்கும் குத்துவிளக்கு, ஓடும் எழுத்து என்று எல்லாக் குற்றமும் செய்திருக்கிறேன். அந்தோணி அண்ணன் கேட்டாரென்று அவர் பக்கத்தில் நட்சத்திரங்களைக் கொட்டவிட்டேன். ஆனால் யார் பக்கம் என்று பெயரைப் படிக்காமலே தெரியும்.

செல்வியக்கா ஒரு ஞாயிறு முழுக்க என்னருகில் உட்கார்ந்து தன் பக்கத்துக்கு நீலம் தேடினார். நிர்வாகம் லயன் முழுக்க வெள்ளையடித்தபோது, அவர் அப்பா மட்டும் சொந்தமாகப் பெயிண்டு வாங்கி முன்சுவரில் நீலம் பூசினாராம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து சத்தம் போட்டும் அழிக்கவில்லையாம். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே படம் கறுப்பு வெள்ளை. கொஞ்சம் பச்சை கூட்டு, குறை என்று என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டு, கடைசியில் திரையைத் தொட்டு, "இதான்லா" என்றார். கண் கலங்கியிருந்தது.

தளத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் தோட்டத்துச் சங்கத்தின் புதுச் செயலாளரைக் கூப்பிட்டேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான்.

"ஆளுக்கொரு கலரு, ஒரே செராபுட்டா, தாறுமாறா இருந்துச்சுண்ணே. எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் பாக்க நீட்டு."

பழையதை எங்கே வைத்திருக்கிறாய் என்றேன். அழித்துவிட்டார்களாம்.

யாருக்கு நீட்டு? அதைத் திறந்து பார்ப்பதே அந்த அறுபது குடும்பம்தான். தோட்ட நிர்வாகம்கூட அந்தச் சுவரை விட்டுவைத்தது. நம் பிள்ளை விட்டுவைக்கவில்லை. கத்திவிட்டுப் போனை வைத்தேன். நகல் எடுக்காத, அந்த நீலத்துக்கான கணினிக் குறியீட்டு எண்ணைக்கூடக் குறித்துவைக்காத என்னை யார் திட்டுவது?

சனிக்கிழமை மடிக்கணினியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு நீலமாகக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எல்லாமே அது மாதிரிதான் இருக்கு தம்பி. எனக்கே இப்ப சரியா தெரியல."