ஏர் ஜாஸ்தியாகி நின்ற மாப்பிள்ளைக் கார்

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஷெட்டில் யாரைக் கேட்டாலும், லைனில் ஏர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார்கள். சரியான பதில்தான். நானும் அதைத்தான் சொன்னேன். சத்தமாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

நான் ஆற்காட்டுப் பக்கம் லாரி ஷெட்டில் வேலை கற்றவன். அறுபதுகளில் கோலார் தங்கவயலுக்கு வந்து கடைவீதி ஷெட் ஒன்றில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே மளிகைக்கடைக் கண்ணையா செட்டியாரின் கார் என் தலையில் விழுந்தது. பழைய அமெரிக்கக் கார். பெட்ரோல் போட்டு மாளாமல் அதன் வயிற்றில் டீசல் என்ஜினை வைத்திருந்தார். பார்த்தால் துரை வண்டி, ஸ்டார்ட் செய்தால் ரைஸ்மில். அதைத்தான் ஊரில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார்.

அன்று மாப்பிள்ளை தேவராஜ். சுரங்கத்தில் டிரில்லிங் மிஷின் பிடிக்கிறவன். ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவன் வீட்டிலிருந்து மாரிகுப்பம் கோயிலுக்குப் போக வேண்டும். நடந்தே போய்விடலாம். ஆனால் காரில்தான் வர வேண்டும் என்பது பெண்ணின் அப்பா, சுரங்க மேஸ்திரி முனிசாமியின் கட்டளை. அதில் கௌரவம் ஒன்றும் இல்லை. அவருடைய மூத்த பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை, கல்யாணத்தன்று காலையில் நடந்து வருகிறேன் பேர்வழி என்று கிளம்பி, ரயிலேறிப் போய்விட்டான். காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால் ஓட மாட்டான் என்பது மேஸ்திரியின் கணக்கு. முகூர்த்தத்துக்குள் வராவிட்டால் இவனும் ஓடிவிட்டான் என்றே எடுத்துக்கொள்வேன், பெண் கிடையாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

செட்டியாரே ஓட்டி வந்த கார், மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததே கரும்புகையோடும் விக்கலோடும்தான். என் முதலாளி, சர்வீஸ் செய்து வைத்திருந்த இன்ஜெக்டர்களைக் கொடுத்து, அங்கேயே மாற்றிவிட்டு வா என்று அனுப்பினார். நான் பழையவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தேவராஜின் அம்மா ராகு காலம் பிறக்கப் போகிறது என்று அலறி, மகனை மாலையும் தலைப்பாகையுமாகக் காருக்குள் ஏற்றிவிட்டார். ஏறிய மாப்பிள்ளை கோயில் வாசலில்தான் இறங்க வேண்டுமாம். நடுவில் இறங்கினால் அபசகுனமாம். ஆக, பானெட் திறந்து, என்ஜின் பாதி பிரிந்து கிடக்கும் காரில் மாப்பிள்ளை கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். பாண்டு வாத்தியக்காரர்கள் வாங்கிய அட்வான்ஸுக்கு வஞ்சனை இல்லாமல் வாசித்தார்கள்.

சர்வீஸ் செய்த இன்ஜெக்டர்களை மாட்டினேன். செட்டியார் செல்ஃப் அடித்தார். சுற்றியது, பிடிக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான். கழற்றி மாட்டியதில் பைப்புகளில் காற்று புகுந்திருக்கும். இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை லூஸ் செய்து செல்ஃப் அடித்தால் டீசல் முதலில் நுரையாக வரும். நுரை அடங்கியதும் இறுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஏர் எடுப்பது.

“ஏர் எடுக்கணும் செட்டியாரே” என்றேன்.

எடுத்தேன். என்ஜின் இருமிவிட்டு நின்றது. மறுபடி லூஸ் செய்தால் மறுபடி நுரை. இன்னும் ஏர் எடுக்கணும் என்றேன். எடுத்தேன். முதலில் வந்ததைவிட அதிகமாக நுரைத்தது. ஃபில்டர் வாஷரை மாற்றினேன், ஃபீட் பம்பைப் பிரித்துப் பார்த்தேன், ஒவ்வொரு நட்டையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ராகு காலம் முடிந்து முகூர்த்தம் பிறந்துவிட்டது. பாட்டரி முனகியது. செட்டியார் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து ஒரு தலைப்பாகை நீண்டது.

“மெக்கானிக்கண்ணே, ஏழுமல கை ஓஞ்சி போயிகீறான். இன்னொரு ஆள வச்சி ஏர் அடிக்க சொல்லவா?”

காருக்குப் பின்னால் ஓடினேன். தேவராஜோடு ஒரே ஷிப்டில் மிஷின் பிடிக்கும் ஏழுமலை, பட்டுச்சட்டையோடு டேங்குக்கு அடியில் படுத்திருந்தான். கையில் சைக்கிள் பம்பு. டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதில் காற்றடித்து ஊதிவிட்டு, திரும்ப ஒழுங்காக மாட்டிக்கொண்டிருந்தான். நான் ஏர் எடுக்கணும் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் இதைச் செய்திருக்கிறான்.

அவன் மேல் தப்பே இல்லை. சுரங்கத்தில் டிரில்லிங் மிஷின் ஓடுவதே காற்றில்தான். அங்கே ஏர் எடுப்பது என்றால் கம்ப்ரஸர் லைனிலிருந்து மிஷினுக்குக் காற்றைக் கொண்டு வருவது. ஹோஸை மாட்டும் முன் தூசி போக ஊதிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். என் தொழிலில் எது சீக்கோ, அவன் தொழிலில் அதுதான் உயிர். கத்திப் பிரயோஜனம் இல்லை என்று, “ஒங்க மிஷினு ஏர் இல்லன்னா நின்னுடும். இது ஏர் இருந்தா நின்னுடும்பா” என்றேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். ஆனாலும் பம்பைக் கீழே வைத்தான்.

கடைசியாக ஒரு முறை ஏர் எடுத்தேன். பாண்டுக்காரர்கள் உட்படத் தெருவே சேர்ந்து தள்ளியது. வண்டி பிடித்துக்கொண்டது. மறுபடி நின்றால் பார்க்க நானும், என் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று ஏழுமலையும் ஏறிக்கொண்டோம்.

கோயில் வாசலில் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. மாப்பிள்ளை இறங்கினதும் இவ்வளவு நேரம் இன்னா பண்ணே என்று கேட்டார்.

“வண்டில ஏர் ஜாஸ்தி ஆயிடிச்சி மாமா.”

மேஸ்திரியின் முகம் இறுகியது. “சொரங்கத்துல கீய ஏர் பத்தாம செத்தவன நான் தூக்கிகினு வந்துகீறேன். ஏர் ஜாஸ்தியாயி கல்யாணம் நின்னத எங்கியும் பாக்கல. ஓடறதுக்கு பாத்துகீற, முடியல. அத ஒயுங்கா சொல்லு.”

நான் கிரீஸ் கையோடு முன்னால் போய் நுரை, நட்டு, பைப்பு என்று விளக்கினேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. உள்ளே ஐயர் நேரமாகிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் ஏழுமலை காரிலிருந்து இறங்கினான். கையில் அந்தச் சைக்கிள் பம்பு.

மேஸ்திரி பம்பைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“ஹோஸ ஊதினியா?”

“ஊதினேன் மேஸ்திரி.”

“மாட்டறதுக்கு முன்னாடியா?”

“ஒவ்வொரு வாட்டியும் முன்னாடிதான்.”

மேஸ்திரி கையை அவிழ்த்தார். “பின்ன இன்னா? வேலய சரியாத்தான் செஞ்சிகீறான். வண்டிதான் தப்பு வண்டி” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தாலி ஏறியது.

பந்தியில் என்னையும் உட்கார வைத்தார்கள். ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து, தான் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் நின்றிருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கோயில் வாசலில் நடந்ததை யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

அந்த ஊரில் இருந்தவரை ஏர் என்ற வார்த்தையை நான் வாயில் வைக்கவில்லை. பைப்பைக் கழுவணும் என்றுதான் சொல்வேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கு யார் உதவி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.