மணமில்லாத வெறி

அறுவைச் சிகிச்சையில் என் கணவரின் சிறுகுடலில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு உடம்பு சூடு என்று நானே முடிவுகட்டி, மூன்று வேளையும் சோற்றில் எருமைத் தயிரும் சீனியும் பிசைந்து கொடுத்தேன். பனிச்சங்கேணியில் தயிருக்கு என்ன பஞ்சம்? ஒரு சட்டி முடிய அடுத்த சட்டி வந்துவிடும்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்தவர் வாசல் நிலையில் மோதினார். நாக்குக் குழறியது. சாராயத்தை விட்டு நாலு வருடமாகிறது. மறுபடி தொட்டால் பிள்ளையோடு போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"வெறியில வந்து நிக்கிறீங்களா?" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

பிறகுதான் வாயை முகர்ந்து பார்த்தேன். தயிர் மணம் மட்டுமே வந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க ஆரு?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றதே இல்லை. சாராயம் மணத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "பேய்க்குணம் புள்ள, தண்ணி ஓதிக் குடு" என்றார். ஓதிய தண்ணீரும் கொடுத்தேன். போதாததற்கு இன்னொரு கோப்பை தயிரும் கொடுத்தேன். காலையில் அவரால் நிற்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் சாராயம் இல்லை என்றார்கள். டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினார்.

"தயிர்ல இருக்கிற புளிப்பு அமிலத்துக்கு ரெண்டு உருவம் இருக்கு. ஒண்டு மற்றதுக்குக் கண்ணாடி விம்பம். குடல் சுவர் ரெண்டையும் ஒரே வாசலால உள்ள விட்டுரும். ஒண்டை உடம்பு கெதியா எரிச்சிரும். மற்றது தேங்கி மூளையைக் குழப்பும். எங்கட வழமையான பரிசோதனைக்கு அது தெரியாது."

குடல் குட்டையானதால் செரிக்காத சோறும் சீனியும் பெருங்குடலுக்குப் போய், கிருமிகளால் அங்கே புளித்து அதே அமிலமாகியிருக்கின்றன. அவருக்குள்ளிருந்து என்னை ஆரென்று கேட்ட அந்த ஆளுக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டியிருக்கிறேன்.

சோறு, தயிர், சீனி எல்லாவற்றையும் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் தெளிந்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். அழுதுவிட்டேன்.

வீடு திரும்பும்போது ஓட்டமாவடியில் பஸ் நின்றது. அவர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"கடவாய்ப்பல் ஆடுது. எங்கயும் விழுந்தனானோ?"

"ஓம், விழுந்தீங்க" என்றேன்.