இந்த வருச டீச்சர்

எங்கள் சபையில் போதகர் ஒருமுறை என்னைக் காட்டி, "மலை ஜனங்களுக்கு ஊழியம் செய்யக் கர்த்தர் அனுப்பின சகோதரி" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என்னைக் கல்வராயன் மலைக்கு அனுப்பியது கர்த்தர் இல்லை. கள்ளக்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார். என் இடம் அவர் மனைவிக்குத் தேவைப்பட்டது. யார் யாரையோ பிடித்து என்னைத் தூக்கி மலைமேல் போட்டார்.

நான் கிளம்பிய அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சிரித்தார். "ஒரு வருசம் தாங்குவீங்களா டீச்சர்? அழுதுகினு வந்துடுவீங்க, பாருங்க."

மலைப் பிள்ளைகளும் அதையேதான் நினைத்தார்கள். அங்கே யாரும் நிலைப்பதில்லை என்பதால் வாத்தியார்களின் பெயரைக் கேட்க மாட்டார்கள். ஒருவர் "போன வருச சார்". நான் "இந்த வருச டீச்சர்". அடுத்த வருடமும் நான் வந்து நின்றபோது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் வெறும் "டீச்சர்" ஆனேன். காய்ச்சலிலும் முட்டி வலியிலும் மலை ஏறினேன். மாறுதல் கலந்தாய்வு வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். பிள்ளைகள்மேல் பாசம் வந்தது உண்மை. அது பிறகு வந்தது.

போன வருடம் அந்த வாத்தியாருக்குத் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு கிடைத்தது. காலியாக இருந்தது எங்கள் பள்ளி மட்டும். அவரும் நானும்தான் மொத்த ஆசிரியர்கள். வந்த வாரமே பிள்ளைகள் அவரை "இந்த வருச சார்" என்றார்கள். நான் திருத்தவில்லை.

மாதம் முடிவதற்குள் என்னிடம் வந்தார்.

"கீழ ஒரு ஸ்கூலுக்கு டெபுடேஷன் போட்டுத் தரேன்றாங்க டீச்சர். இங்க பொறுப்ப நீங்க பாத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். முதுகு வலி ஜாஸ்தியா இருக்கு, பஸ்ல வர முடியல."

அவர் மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். என் பழைய பள்ளியிலேயே சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"இன்னா டீச்சர், பழசெல்லாம் மனசுல வச்சிக்கினு..."

"ஆமாங்க சார். வச்சிக்கினுதான் இருக்கேன்."

இந்த வருடக் கலந்தாய்வில் கள்ளக்குறிச்சியிலேயே, என் வீட்டுக்குப் பக்கத்தில், ஓர் இடம் இருந்தது. மகள் போனில் கெஞ்சினாள். நான் போகவில்லை. எனக்குப் பதிலாக வருபவர் பாவம் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார். சார் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எனக்கு ஐந்து.