மூலையில் சுற்றாத தெளிப்பான்

என் எழுத்து வரிசையில் நிற்காது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை. படிக்கிறவர்கள் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நின்ற அந்த வருஷத்துக் கோடை விடுமுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவெள்ளறைக்குப் பக்கம். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்க அப்பாவுக்குத் தோதுப்படவில்லை. அம்மா தன் தம்பியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மாமா திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் பைப் ஃபிட்டர். அப்போதுதான் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருவானைக்காவலில் சொந்த வீடு கட்டிக் குடிபோயிருந்தார். “என்கூட அனுப்புக்கா. ஸ்ரீரங்கத்துல ஆறாவது சேத்து விடுறேன். ஒரு தட்டு சோறு நமக்குப் பெருசா?” என்று என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்தத் தெருவில் எல்லார் வீட்டு முன்பும் தென்னையோ செம்பருத்தியோ இருக்கும். மாமா மட்டும் புல்தரை போட்டிருந்தார். தொழிற்சாலையின் விருந்தினர் மாளிகைப் புல்தரையை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. நான்கு மூலையிலும் தண்ணீர் தெளிப்பான் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் ஓட்டியிருந்தார். மோட்டாரைப் போட்டால் ‘சிக் சிக்’ என்று சுற்றும். எங்கள் ஊரில் தண்ணீர் பாயும் இடத்தில் புல் முளைத்தால் பிடுங்கி எறிவோம். இங்கே புல்லுக்கென்றே தண்ணீர் விடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் தினம் சுவர் மேல் எட்டிப் பார்த்து, “என்னங்க, மாடு எப்ப வாங்குறீங்க?” என்பார்.

நான் போன நேரம், மூன்றுதான் சுற்றின. காம்பவுண்டு மூலையில் இருந்த நான்காவது, வாய் கொப்பளிப்பது போலக் கொஞ்சம் நீரை உமிழ்ந்துவிட்டு நின்றுவிடும். அந்த மூலையில் புல் பழுத்துக்கொண்டு வந்தது.

“குவார்ட்டர்ஸ்ல கம்ப்ளைன்ட் எழுதிப் போட்டா ஆள் வருவான். இங்க நானே எழுதி நானே வரணும்,” என்றார் மாமா. “நீ அசிஸ்டென்ட்டா இரு மாப்ள. ரெண்டு நாள்ல இத முடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிடுவோம்.”

அன்றிலிருந்து அந்த மூலைக்குப் பின்னால்தான் என் பள்ளிக்கூடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். முதல் நாள் தெளிப்பான்களைக் கழற்றி ஊசியால் மணல் எடுத்தோம். மாமா மளமளவென்று வேலை செய்தார். மூன்றும் இன்னும் வேகமாகச் சுற்றின. நான்காவது அப்படியே இருந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார்.

“யாருங்க தம்பி?”

“அவரு அக்கா பையன். இங்கருந்து படிக்கப் போறான்.”

“அப்ப முறைப்பையன். மாப்பிள்ளைய இப்பவே வீட்டோட கொண்டாந்துட்டீங்களா? கெட்டிக்காரங்கதான்.”

மாமா மகளுக்கு என் வயதுதான். அவள் “சீ” என்று உள்ளே ஓடினாள். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. நல்ல அத்தை; எனக்கு இரண்டு தோசை கூடவே போடுவார். அன்றும் போட்டார். போட்டதும் மகளைத் தேடி உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமாவின் வேலை மந்தமாகிவிட்டது. சுத்தம் செய்ததையே திரும்பச் சுத்தம் செய்தார். குழாய் போகாத இடத்தில் தோண்டச் சொன்னார். பாதியில் டீ கேட்பார். ஷிப்ட் முடிந்து வந்தால் புல் மேல் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் அத்தை வாசற்படியில் வந்து நின்றார். “இன்னும் எத்தன நாளுங்க அந்தக் குழாயையே நோண்டிக்கிட்டு இருப்பீங்க?”

“வேல முடியட்டும். முடிஞ்சதும் நானே போய்ச் சொல்லிக்கிறேன்.”

பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வார் என்று நான் எடுத்துக்கொண்டேன். திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. அத்தைக்கே என் படிப்பில் இவ்வளவு அவசரம் என்றால், நான் சும்மா இருக்கலாமா?

அடுத்த நாள் மாமா வேலைக்குப் போன பிறகு நானே மூலையைத் தோண்டினேன். குழாய் திரும்பும் வளைவில் குழாய் திருகும் ரிஞ்சை மாட்டி, அதன் மேல் ஏறித் தொங்கிக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் பருமனுக்குச் சணல் உருண்டு அடைத்திருந்தது. தண்ணீர் கசியாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றும் சணல்தான். குழாய் போடும்போதே உள்ளே விழுந்திருக்க வேண்டும்.

மாமா வந்ததும் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீயேவா எடுத்த?”

“ஆமா மாமா. நாளைக்கு ஸ்கூலுக்குப் போலாம்ல?”

அவர் வளைவை முறுக்கிவிட்டு மோட்டாரைப் போட்டார். நான்கும் சுற்றின. நானும் மாமா மகளும் சாரலுக்குள் ஓடினோம். “உள்ள வாடி, துணி நனையுது,” என்று அத்தை அவளை மட்டும் கூப்பிட்டார்.

மறுநாள் காலை மாமா என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். ஸ்ரீரங்கம் பக்கம் போகாமல் பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது. வழியெல்லாம் மாமா என் கையை விடவில்லை. ஊரில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போனார்.

எனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். முறைப்பையனைக் கூடவே வளர்த்தால் ஊர் என்ன பேசும், நாளைக்கு யார் உரிமை கேட்டு நிற்பார்கள் என்று அத்தை பயந்தது எனக்குப் புரிகிறது. புரிய அதிக நாளானது மாமாவைத்தான். காலமெல்லாம் குழாயோடு புரண்ட ஃபிட்டருக்கு, அடைப்பு எந்த வளைவில் இருக்கும் என்று தெரியாமலா போகும்?

அன்று அது எதுவும் தெரியாது. ஒரு பெரிய ஃபிட்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பிறகு தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

இதை எழுதி முடித்தது: ஆனி மாதம் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.